கவர்னர் என்று மட்டும் எழுதிய ஒன்பது பேர்

எங்கள் நார்த் பெல்டனில் கவர்னர் என்றால் ஒருவர்தான். தலைநகரத்தில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தலைநகரத்துக்காரர்கள் பாடு. எங்களுக்குக் கவர்னர் குன்றின்மேல் வெள்ளை வீட்டில் இருந்த அமோஸ் லாம்சன். அவர் பதவியை விட்டு இறங்கி முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பெட்ரோல் போடும் இடத்தில், சர்ச் வாசலில், ஆற்றங்கரையில் தூண்டிலும் கையுமாக நிற்கும்போதுகூட, "என்ன கவர்னர், கடிக்குதா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் நாட்டில் அந்தப் பட்டம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சாகும்வரை உரியாது.

அவருக்கு முன் அவர் அப்பா ஹைரம் கவர்னர். அதற்கு முன் தாத்தா எஸ்ரா. எங்கள் ஊர்ப் பாலம் எஸ்ரா கட்டியது. பெருவெள்ளத்தில் மாவு மூட்டையோடு லாரி அனுப்பியது ஹைரம். மலைச் சாலைக்குத் தார் போட்டது அமோஸ். டவுன் ஹால் சுவரில் மூன்று பேரின் படமும் வரிசையாகத் தொங்குகிறது. மூன்றாவது படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி மட்டும் கொஞ்ச காலம் சும்மா நின்றது. அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

லாம்சன்களைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். எனக்கு எழுதத் தோன்றியது வெர்னா லாக்வுட்டைப் பற்றி. அவர் எங்கள் ஊர் கிளார்க். பிறப்பு, இறப்பு, கல்யாணம், நாய்க்கு லைசென்ஸ், நிலத்துக்குப் பத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டு, இத்தனையும் அவர் கை வழியாகத்தான் போகும். அதுவும் நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊர்க்கூட்டத்தில் நாங்கள் கை தூக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும். முப்பத்து நான்கு மார்ச் மாதங்கள் கை தூக்கினோம்.

அந்த வேலைக்கு வருவதற்கு முன் வெர்னா, துணி மாட்டும் மரக் கிளிப் செய்யும் ஆலையில் பொறுக்குகிற வேலையில் இருந்தார். உடைந்தது ஒரு கூடை, நல்லது ஒரு கூடை. இருபத்தொன்பது வயதில் புருஷன் க்ளைட் மரம் வெட்டப் போன இடத்தில் அடிபட்டுச் செத்துப்போனான். பிள்ளை கிடையாது. அந்தக் குளிர்காலத்தில்தான் பழைய கிளார்க் கண் தெரியாமல் விலகினார். மார்ச் கூட்டத்தில் அமோஸ் லாம்சன் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் இருமுகிறவன்கூட நிறுத்திவிடுவான்.

"வெர்னா லாக்வுட் பேரைச் சொல்றேன். அந்தப் பொண்ணு எழுதினா எனக்குக் கண்ணாடி இல்லாமலே புரியுது" என்றார். உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பிரசாரம்.

அன்றிலிருந்து அவர் வெர்னாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கிளார்க்கம்மா"தான். வெர்னாவும் "கவர்னர்" என்பதைத் தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பட்டத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெர்னா ஓட்டு எண்ணும் முறை தனி. சீட்டின் மேல் விரல் படக் கூடாது. பென்சிலின் ரப்பர் முனையால்தான் நகர்த்துவார். எண்ணுகிற மேசைக்குப் பேனா வரக் கூடாது, சிவப்புப் பென்சில் மட்டும். எண்ணுவதற்கு முன், எண்ண உட்காரும் எங்கள் நான்கு பேரிடமும் சத்தியம் வாங்கி முடித்துவிட்டு ஒரு பாட்டுப் பாடுவார்: "உங்க சீட்டை நீங்களே பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இது என்னுதுன்னு சொன்ன நிமிஷம் அந்தச் சீட்டு செத்துப்போச்சு. எல்டன், உனக்குத்தான் சொல்றேன், வாயி உனக்குத்தான் பெருசு." எல்டன் நான்தான்.

கவர்னருக்கு எண்பத்தெட்டு வயதானபோது அவர் மகள் காரலின் கவர்னர் பதவிக்கு நின்றாள். கெட்டிக்காரி. ஆனால் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ட்ரென்ட் என்ற தலைநகரத்து ஆள் அவளைத் தோற்கடித்துவிட்டான். ஓட்டுச் சீட்டில் அவன் பெயர்தான் அச்சாகும். காரலின் விடவில்லை. சீட்டில் கடைசியாக ஒரு வெற்றுக் கோடு இருக்குமே, அங்கே என் பெயரைக் கையால் எழுதுங்கள் என்று மாநிலம் முழுக்கச் சுற்றினாள். வீட்டுக்கு வீடு ஒரு அட்டை வந்தது. முழுப் பெயரையும் எழுத வேண்டும், லாம்சன் என்று மட்டும் எழுதினால் செல்லாது என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் கல்லெடுத்து எறிந்தால் ஏதாவது ஒரு லாம்சன் மேல்தான் விழும், அதனால்.

அவள் தம்பி முறையாகும் பர்ட் லாம்சன், ஊர் நிர்வாகக் குழுவின் தலைவன், ஜூலை மாதமே டவுன் ஹால் சுவரில் நான்காவது ஆணியை அடித்துவிட்டான். வெர்னா ஏணிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் எடுத்தாச்சா பர்ட்?"

"ஆணியை முதல்ல அடிச்சுட்டா படம் தானா வரும்."

"எங்கம்மா பையனுக்குன்னு தொட்டிலை முதல்ல வாங்கினா. வந்தது நான்" என்றார் வெர்னா. பர்ட்டுக்கு அது கிண்டலா இல்லையா என்று கடைசிவரை புரியவில்லை.

நவம்பரில் தேர்தல். ஏழு மணிக்குக் கதவைச் சாத்தி எண்ண ஆரம்பித்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் கயிற்றுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். பர்ட் முன்வரிசையில் டோனட் தின்றுகொண்டிருந்தான். அரை மணிக்குள் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், மாநிலம் ட்ரென்டுக்கு. காரலின் தோற்றுவிட்டாள். அதற்கு யாரும் பெரிதாக அதிரவில்லை. ஆனால் எங்கள் ஊர் மிச்சம் இருந்தது. எஸ்ரா நின்ற நாளிலிருந்து எண்பத்திரண்டு வருஷத்தில் நார்த் பெல்டன் ஒரு லாம்சனைத் தோற்கடித்ததே கிடையாது. கவர்னர் அன்று காலை ஓட்டுப் போட வந்தபோது வெர்னாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "மாநிலம் போனா போகட்டும் கிளார்க்கம்மா. ஊரு எங்க பக்கம்னு கேட்டுட்டுக் கண்ணை மூடினாப் போதும்."

ட்ரென்டுக்கு இருநூற்று மூன்று. காரலினுக்கு வந்த சீட்டுகளை வெர்னா ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு பெயரை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேரலைன், கார்லின், கரோலின். ஒருத்தர் 'கவர்னர் மக' என்று எழுதியிருந்தார். "கவர்னருக்கு ஒரே மக. செல்லும்" என்றார் வெர்னா. எல்லாம் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

மேசையில் ஒன்பது சீட்டு மிச்சம் இருந்தது. ஒன்பதிலும் வெற்றுக் கோட்டில் ஒரே வார்த்தை. கவர்னர்.

அதில் ஒன்று என்னுடையது.

நான் எழுத நினைத்தது காரலினைத்தான். ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்து மறைப்புக்குள் நின்று பென்சிலை எடுத்தால், அவள் பெயருக்கு இங்கிலீஷில் முதல் எழுத்து சியா, கேயா என்று சந்தேகம் வந்துவிட்டது. வீடு வீடாக நான் கொடுத்த அந்த அட்டையையும் லாரியில் விட்டுவிட்டேன். தப்பாக எழுதினால் அந்தப் பேப்பரைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள் என்று ஒரு பயம். எட்டாவதோடு நின்றவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். சீட்டின் தலைப்பில் 'கவர்னர்' என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து எழுதிவிட்டேன். அந்த வீட்டுக்கே கவர்னர் வீடு என்றுதானே பெயர், புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். தப்புத் தப்பாக எழுதினவன் ஓட்டெல்லாம் செல்லிவிட்டது. தப்பில்லாமல் எழுதின என் ஓட்டு மேசையில் மாட்டிக்கொண்டது.

பர்ட் எழுந்துவிட்டான். "ஒம்போதையும் காரலினுக்குப் போடு. இருநூத்தி ஏழு. முடிஞ்சுது. வீட்டுக்குப் போகலாம்."

"உக்காரு பர்ட். கயித்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க பார்க்கத்தான் செய்யலாம்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நிக்கிறது யாரு? அவதானே நிக்கிறா?"

"சட்டம் நிக்கிறவங்களைப் பார்க்கச் சொல்லல. சீட்டுல எழுதியிருக்கிறதை வச்சு யாரை நினைச்சாங்கன்னு பார்க்கச் சொல்லுது" என்றார் வெர்னா. பென்சில் ரப்பரால் ஒன்பது சீட்டையும் ஒரே வரிசையாக்கினார். கயிற்றுக்கு வெளியே இருந்தவர்களைப் பார்த்து, "நான் ஒண்ணு கேக்குறேன். நேத்து கடையில கவர்னர் வந்தாருன்னு யாராவது சொன்னா, உங்களுக்கு யாரு மூஞ்சி ஞாபகத்துக்கு வரும்?" என்றார்.

இரண்டு பேர் குன்றுப் பக்கத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெர்னா" என்றான் பர்ட். குரல் இறங்கிவிட்டது. "உன்னை இந்த நாற்காலியில உக்கார வச்சது யாரு?"

"அவருதான்."

"மார்ச் மாசம் வருதுல்ல?"

"வருஷா வருஷம் வருது."

நான் என் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இது என்னுதுன்னு ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சீட்டு செத்துவிடும், காரலினுக்கும் பயன் கிடையாது. சொல்லாவிட்டால் தப்பாக எண்ணப்படும். வெர்னா மூன்று நிமிஷம் அந்த ஒன்பது சீட்டையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளில் புதிதாக ஒரு வரி எழுதினார். அமோஸ் லாம்சன், ஒன்பது.

நார்த் பெல்டன் ட்ரென்டுக்குப் போனது. ஐந்து ஓட்டில்.

மறுநாள் காலை ஊர்க் கணக்கைக் கையோடு கொண்டுபோய் லாம்சன் வீட்டு அடுக்களையில் படிக்க வேண்டும். எஸ்ரா காலத்திலிருந்து அது கிளார்க்கின் கடமை. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. குன்றுப் பாதையில் அந்த வருஷத்து முதல் பனி பிடித்திருந்தது. நான்தான் லாரியில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் தாள் வெர்னாவின் மடியில் இருந்தது.

கவர்னர் அடுக்களை மேசையில் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தார். காலையிலேயே பைதான் அவருக்கு. காரலின் அடுப்பில் சாய்ந்து நின்றாள். தூங்காத முகம்.

"படிங்க கிளார்க்கம்மா."

வெர்னா நின்றபடியே படித்தார். ட்ரென்ட், இருநூற்று மூன்று. காரலின் லாம்சன், நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அமோஸ் லாம்சன், ஒன்பது.

கவர்னர் முள்கரண்டியை வைத்தார். "எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"நான் நிக்கவே இல்லையே."

"நிக்கலைன்னாலும் எழுதறாங்க கவர்னர்."

காரலின் முன்னால் வந்தாள். "அந்த ஒம்போதும் எனக்கு விழுந்தது. உங்களுக்கே தெரியும் வெர்னா. மனசாட்சியோட சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்ங்கிறது தாள்ல இல்ல காரலின்."

"அப்பா பேரைச் சொல்லியே என்னைத் தோற்கடிச்சுட்டீங்க."

வெர்னா தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கவர்னர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வருஷம் என்று மெதுவாக ஒருமுறை சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பிறகு, "கதவை இறுக்கிச் சாத்திட்டுப் போங்க. குளிருது" என்றார்.

கிளார்க்கம்மா என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது வெர்னா கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டே வந்தார். அதில் பனியும் இல்லை, புழுதியும் இல்லை. நான் கியரை மாற்றினேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

குளிர்காலம் முழுக்க ஊர் இரண்டாகத்தான் நடந்தது. வெர்னாவிடம் நாய் லைசென்ஸுக்கு வந்தவர்கள் முன்பெல்லாம் கால் மணி நேரம் வம்பளப்பார்கள். இப்போது காகிதத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வெர்னாவுக்கு அந்த வேலை போனால் வேறு ஒன்றும் கிடையாது. கிளிப் ஆலை மூடிப் பன்னிரண்டு வருஷம். வயது அறுபத்து மூன்று. ஆனாலும் ஒரு நாள்கூட அவர் ஒருவரிடமும் போய், "எனக்குப் போடு" என்று கேட்கவில்லை. "ஓட்டை எண்ணுறவ ஓட்டுக் கேக்கக் கூடாது" என்பார்.

மார்ச் கூட்டம் வந்தது. அவரைக்காயும் பன்றி இறைச்சியும் பெரிய அண்டாவில் கொதிக்க, டவுன் ஹாலில் உட்கார இடமில்லை. கூட்டத்தை நடத்துகிறவர் ஹோவர்ட் பிங்க்ரி, எங்கள் ஊர் மாட்டு டாக்டர். கிளார்க் பதவிக்கு வந்ததும் பர்ட் எழுந்து தன் மருமகள் டானாவின் பெயரைச் சொன்னான். யாரோ வெர்னா பெயரைச் சொன்னார்கள். "கை தூக்க வேண்டாம், சீட்டு போடணும்" என்றான் பர்ட். ஏழு பேர் கேட்டால் சீட்டு போட வேண்டும். பதினேழு பேர் கேட்டார்கள்.

கூட்டத்தில் நடப்பதையெல்லாம் எழுதிவைப்பது கிளார்க்கின் வேலை. ஆக, தன்னைத் தூக்கப் போகும் கூட்டத்தின் குறிப்பை வெர்னாவே எழுதிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமலே படிக்கக்கூடிய அதே எழுத்து.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. கவர்னர் தடியை ஊன்றி வந்தார். மூன்று வருஷமாக அவர் ஊர்க்கூட்டத்துக்கு வந்ததில்லை. எல்லோரும் வழிவிட்டார்கள். பேசுவார் என்று காத்திருந்தோம். அவர் பேசவில்லை. வரிசையில் நின்று ஒரு துண்டுச் சீட்டு வாங்கினார். நின்றபடியே பர்ட்டின் முதுகை மேசையாக வைத்து எழுதினார். பெட்டியில் போட்டார். உட்கார்ந்தார்.

வெர்னா போட்டியிடுவதால் அவர் எண்ணக் கூடாது. ஹோவர்ட் படிக்க, நானும் இன்னொருவரும் கோடு போட்டோம். டானாவுக்குத் தொண்ணூற்றேழு. வெர்னாவுக்குத் தொண்ணூற்று மூன்று. கடைசியாக ஹோவர்ட் ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேரே இல்ல. கிளார்க்குன்னு மட்டும் எழுதியிருக்கு."

கூடம் சிரித்தது. சிரித்த வேகத்திலேயே அடங்கியது. நடுங்கிய கோணல் எழுத்து. எனக்கு இரண்டு அடி தூரத்தில் தெரிந்தது.

"வெர்னா, இதை என்ன பண்ணலாம்?" என்றார் ஹோவர்ட். பழக்கதோஷம். முப்பத்து நான்கு வருஷமாக இந்த மாதிரி எதையும் அவரிடம்தான் கேட்போம்.

வெர்னா குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னைக் கேக்காதீங்க ஹோவர்ட். நான் நிக்கிறவ."

ஹோவர்ட் கூட்டத்தைப் பார்த்தார். "சரி. நம்மூர்ல கிளார்க்குன்னா யாரு மூஞ்சி ஞாபகத்துக்கு வருது?" நவம்பரில் அவர் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர். "தொண்ணூத்தி நாலு" என்றார்.

மூன்று ஓட்டில் வெர்னா தோற்றார். தோற்றதையும் அவரே எழுதினார். டானா லாம்சன் தொண்ணூற்றேழு, வெர்னா லாக்வுட் தொண்ணூற்று நான்கு. புள்ளி வைத்து, பேனாவை மூடி, குறிப்பேட்டை டானா பக்கம் தள்ளினார். சாவிக்கொத்தை அதன்மேல் வைத்தார். எழுந்து போய் அண்டாவிலிருந்து ஒரு தட்டு எடுத்துக்கொண்டார்.

கவர்னர் கிளம்பும்போது, வெர்னாவும் டானாவும் இருந்த சாப்பாட்டு வரிசையிடம் நின்றார். "வர்றேன் கிளார்க்கம்மா" என்றார். டானா தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "வாங்க கவர்னர்" என்றாள். பாவம்.

அடுத்த வருஷம் இலை உதிரும் காலத்தில் கவர்னர் போய்விட்டார். டானா நல்ல பெண், வேலை சுத்தம். ஆனால் ஊர் அவளை டானா என்றுதான் கூப்பிடுகிறது. வெர்னா தபால் வாங்கப் போனால், "என்ன கிளார்க், குளிர் எப்படி?" பர்ட்டே அப்படித்தான் கூப்பிடுகிறான், நாக்கு வேறு மாதிரி புரளவில்லை. நான்காவது ஆணியில் டானா காலண்டர் மாட்டியிருக்கிறாள்.

எனக்குத்தான் அந்த ஒன்பது சீட்டு செரிக்கவில்லை. தேர்தல் முடிந்து சீட்டுகளை எரித்தாயிற்று, சத்தியத்துக்கும் கெடு முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு நாள் வெர்னா வீட்டுக்கு விறகு இறக்கப் போனேன். அடுக்கிக்கொண்டே சொன்னேன்.

"அந்த ஒம்போதுல ஒண்ணு என்னுது. நான் காரலினைத்தான் நினைச்சேன். அவ பேரு எழுதத் தெரியல. நீங்க தப்பா எண்ணிட்டீங்க."

வெர்னா விறகுக் கட்டையைக் கையில் வைத்தபடி நின்றார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா உன் ரோடு ரிப்போர்ட்டைப் படிக்கிறேன். கவர்னருக்கு முதல்ல வர்ற இங்கிலீஷ் 'ஜி' இருக்கே, நீ எழுதினா அதோட வாலு உன் லாரிக் கலப்பை மாதிரி வளைஞ்சு கிடக்கும். பார்த்ததும் தெரிஞ்சுது. நீ காரலினுக்காக வீடு வீடா அட்டை கொடுத்ததும் தெரியும்."

நான் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டேன். "தெரிஞ்சுமா? ஏன்? மீதி எட்டையும் இதே மாதிரி பார்த்திருந்தா ஊரு அவங்களுக்கு இருந்திருக்கும். உங்க வேலை உங்களுக்கு இருந்திருக்கும்."

"அதான் எல்டன். உன்னுதுன்னு தெரிஞ்சு எண்ணினா, அப்புறம் எதுக்கு மறைப்பு, எதுக்குப் பெட்டி? எல்லாரும் என் மேசைக்கு வந்து காதுல சொல்லிட்டுப் போகலாமே. எழுதியிருக்கிறதைத்தான் நான் படிக்கணும். எழுதினவனைப் படிக்கக் கூடாது." கட்டையை அடுக்கில் வைத்தார். "தப்பா எண்ணினேன்தான். எனக்குத் தூக்கம் வராத நாளும் உண்டு. ஆனா வேற மாதிரி எண்ணத் தெரியல."

நான் இன்னொரு வரிசை விறகை அடுக்கினேன். பிறகு கேட்டேன். "மார்ச்சுல வந்த அந்த ஒத்தைச் சீட்டு? அதை யார் எழுதினாங்கன்னு தெரியுமா?"

முப்பத்து நான்கு வருஷம் கவர்னர் கையெழுத்தோடு புழங்கியவர். இரண்டு அடியில் எனக்கே தெரிந்தது.

"கிளார்க்குன்னு எழுதியிருந்துச்சு" என்றார். "எனக்கு அவ்வளவுதான் தெரியும். பட்டை உரிஞ்ச பக்கத்தைக் கீழ வை, மழை இறங்கும்."